பினாங்குப் பெட்டியும் கப்பல் ஜன்னலும்: காரைக்குடிப் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், காரைக்குடிக்கு வெளியே உள்ள ஒரு மரப் பட்டறையில் நான்கு பொருட்களை ஒப்படைத்தேன். என் ஐயா (எங்கள் பக்கத்தில் அப்பாவின் தந்தையை அப்படித்தான் அழைப்போம்) பினாங்கிலிருந்து கொண்டுவந்த கேபின் டிரங்குப் பெட்டி, அப்பத்தாவின் தகரப் பெட்டி, உடைக்கப்பட்ட கப்பல் ஒன்றிலிருந்து வந்த பித்தளை வட்ட ஜன்னல், கப்பல் தளத்தில் கால் நனையாமல் நிற்பதற்காகப் போடும் தேக்குக் கிராதி ஆகியவையே அவை. நான்கையும் சென்னை திருவான்மியூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் அன்றாடம் புழங்கும் அறைகலன்களாக மாற்றித் தரவேண்டும் என்பதே நான் கொடுத்த வேலை. அவை வீடு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பட்டறையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கீழே பாராட்டுக்கு இணையாகக் குறைகளும் வருகின்றன, அந்தக் குறைகளில் சில, இவ்வேலை செய்யும் பல பட்டறைகளுக்கும் பொதுவானவை.

காரைக்குடியில் இப்படி ஒரு தொழில் வேர்பிடித்ததற்குக் காரணம் வெளிப்படையானது. செட்டிநாட்டு வீடுகளைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாமல் உடைத்து விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து, பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கடைக்கு வரும் பொருளைச் செப்பனிடுவதற்கு ஆசாரிகள் தேவைப்பட்டார்கள். இன்னொரு பக்கம், குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்து அலங் கடற்கரையில் 1983 முதல் கப்பல்களை உடைக்கிறார்கள். காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்பதால், பெரிய ஏற்றத்தின்போது கப்பலை அதன் சொந்த விசையிலேயே கரையில் ஏற்றிவிட்டு, நீர் வடிந்தபின் வெட்டத் தொடங்குகிறார்கள். இரும்பு உருக்காலைக்குப் போகிறது. நாற்காலி, கட்டில், பீங்கான், விளக்கு, கயிறு, உயிர்காப்புச் சட்டை முதலியன அலங்குக்குப் போகும் சாலையின் இருபுறமும் உள்ள கடைகளுக்குப் போகின்றன. அங்கிருந்து ஊர் ஊராகச் சரக்கு புறப்படுகிறது. வீடு உடைப்பவர்களிடமும் கப்பல் உடைப்பவர்களிடமும் வாங்கும் வியாபாரி ஒருவரே என்பதை முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் கண்ணாரக் காணலாம்.

என்னுடைய வட்ட ஜன்னலும் அந்தத் தெருவில் வாங்கியதுதான். வாங்கியபோது நடந்ததைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பட்டறைக்குப் போவதற்கு முன்பே ஏமாறக்கூடிய இடம் இது. நான் பினாங்குக் கதையைச் சொன்னதும், கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஆச்சி, இது ரஜுலா கப்பல் ஜன்னல், அலங்லேருந்து நேரா வந்தது" என்றார். ரஜுலா 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன்) கம்பெனியின் கொடியின் கீழ்ச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடிய கப்பல். 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது. அலங்கில் முதல் கப்பல் கரையேறியது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின். இதைச் சொன்னதும் அவர் சிறிதும் கூச்சப்படாமல் விலையில் 2,000 ரூபாய் குறைத்தார். அதே கடையில் ஒரு பலகையைக் காட்டி 'லிபர்ட்டி கப்பல் மூடி' என்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியதும், அவற்றின் சரக்கறை வாயை மூடிய மரப்பலகைகளைப் பின்னாளில் அமெரிக்கர்கள் தேநீர் மேசைகளாக்கிக் கொண்டதும் உண்மைதான். ஆனால் அவர் காட்டியது, என் கண்ணுக்கு, ஏதோ ஓர் ஆலையின் தரைப்பலகை.

கதையைத் தள்ளிவிட்டுப் பொருளை மட்டும் பார்த்தேன். மொராதாபாத்திலும் ரூர்க்கியிலும் கப்பல் அலங்காரப் பொருட்கள் புதிதாகவே வார்க்கப்பட்டு, பழையன போலப் புகையேற்றி விற்கப்படுகின்றன. சுக்கான் சக்கரம், தூரதரிசினி, திசைகாட்டி ஆகியவற்றில் நாம் காண்பவை பெரும்பாலும் அவையே. அது குற்றமில்லை, பழையது என்று சொல்லாதவரை. வட்ட ஜன்னலில் வேறுபாடு எளிதில் தெரியும். உண்மையானது ஒரு கையால் தூக்க முடியாத கனம். என்னுடையது 17 கிலோ. கண்ணாடி விரற்கடை அளவு தடிப்பாக இருக்கும். இறுக்கி மூடும் காதுத் திருகாணிகளின் மரை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். கீலின் இடுக்கில் நகத்தால் சுரண்டினால் வெள்ளை, சாம்பல், பச்சை என்று வண்ணம் அடுக்கடுக்காக வரும், ஏனென்றால் கப்பலில் ஆண்டுதோறும் ஆள் ஏறி வண்ணம் பூசிக்கொண்டே இருப்பான். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று பொருள். இத்தனையிலும் என் ஜன்னல் தேறியது. எந்தக் கப்பலுடையது என்று தெரியாமலே 13,000 ரூபாய்க்கு வாங்கிவந்தேன்.

இனிப் பட்டறைக்கு வருகிறேன். பெரிய ஆசாரி அறுபதைத் தாண்டியவர். பெட்டியைத் தொடுவதற்கு முன்பு அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல காப்பி வைப்பீகளா, துணி வைப்பீகளா?" என்பது. இந்தக் கேள்வியை வேறு எந்தப் பட்டறையும் கேட்கவில்லை. விலை கேட்ட மற்ற இரண்டு இடங்களிலும் 'பாலீஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்' என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். காப்பி வைப்பதற்கு ஒரு பூச்சு, துணி வைப்பதற்கு ஒரு பூச்சு. கொம்பரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்க்கும் பாலீஷ் மரத்தின் நிறத்தை ஆழமாகக் காட்டும், பழுதானால் அதே இடத்தில் மறுபடி தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். பியூ என்று சொல்லப்படும் பாலியூரித்தேன் பூச்சு சூட்டுக்கும் நீருக்கும் நிற்கும், ஆனால் மரத்துக்கு மேல் கண்ணாடித்தாள் ஒட்டியது போல் இருக்கும், உரிந்தால் முழுவதையும் சுரண்டவேண்டும். காப்பியும் வைப்போம், துணியும் வைப்போம் என்றேன். "அப்ப அரக்கே போடுவோம், மேல கண்ணாடி போட்டுக்கிடுங்க" என்று முடித்துவிட்டார்.

பெட்டியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பழைய பயணப் பெட்டிகளில் மூடி வளைந்தவையும் உண்டு, தட்டையானவையும் உண்டு. வளைந்த மூடியில் மழைநீர் வழிந்தோடிவிடும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. ரயிலும் நீராவிக் கப்பலும் பெருகி, சரக்கறைகளில் பெட்டிகளை அடுக்கவேண்டிய நிலை வந்தபோது, 1858இல் பாரிஸில் லூயி வுய்ட்டன் தட்டை மூடிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் அந்த வடிவமே பரவியது. இன்று நாம் இவற்றை மேசையாகப் பயன்படுத்த முடிவது அந்த மாற்றத்தால்தான். கேபின் பெட்டி என்பது அதிலும் தாழ்ந்த வகை. படுக்கைக்கு அடியில் தள்ளுவதற்காக 14 அங்குல உயரம் அளவில் செய்வார்கள். மெல்லிய பலகைக் கூட்டின்மேல் கித்தான் துணி ஒட்டி, அதன்மேல் நீளவாக்கில் மரச்சட்டங்கள் அறைந்து, மூலைகளில் பித்தளைத் தகடு பொருத்தியிருப்பார்கள்.

ஐயா இந்தப் பெட்டியைப் பினாங்கில் ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது நடந்த ஏலத்தில் வாங்கினாராம். கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய இடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாளாகி (பொறுப்பாளருக்கு அடுத்த நிலை), மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் இதே பெட்டிதான். கேபினில் அவர் ஒருமுறையும் பயணம் செய்யவில்லை, டெக் பயணிதான். படுக்கைக்கு அடியில் நுழைவதற்காகச் செய்த பெட்டி, திறந்த தளத்தில் அவருக்குத் தலைமாடாக இருந்தது. மூடியின்மேல் வெள்ளை வண்ணத்தில் எங்கள் விலாசத்தின் (முகவரியன்று, குடும்பத்தின் பெயரடையாளம்) முதலெழுத்துகளைத் தமிழில் அவரே எழுதியிருந்தார். அதற்கு அடியில் பழைய ஆங்கிலச் சீட்டு ஒன்று பாதி கிழிந்து மங்கலாகத் தெரியும்.

என்னிடம் வந்தபோது பெட்டியின் நிலை மோசம். கித்தான் நான்கு இடங்களில் உரிந்து தொங்கியது, தோல் கைப்பிடிகள் தொட்டால் உதிர்ந்தன, ஒரு சட்டத்திலிருந்து மாவு போல் பொடி கொட்டிக்கொண்டிருந்தது, பூட்டுக்குச் சாவி இல்லை. ஆசாரி முதலில் உளுப்பைப் பார்த்தார். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊசிமூலம் பூச்சி மருந்தைச் செலுத்தி, மெழுகால் அடைத்து, பெட்டியை ஒரு பிளாஸ்டிக் தாளில் இரண்டு வாரம் கட்டிவைத்தார். உரிந்த கித்தானை ஒட்டுவதற்கு ஃபெவிகால் வேண்டாம் என்று சொல்லி, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினார். பழைய பேரேடுகளுக்கு அட்டை கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கச் செய்வதும் அதுவே. பசை நனைத்த கித்தானை விரல் முனையால் மெல்ல இழுத்து, பழைய மடிப்பு விழுந்த இடத்திலேயே படியவைத்து, அதன்மேல் ஈரத்துணி, துணியின்மேல் பலகை, பலகையின்மேல் ஒரு அம்மிக்குழவி என்று வைத்துவிட்டு மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்றார். இப்போது விரலை ஓட்டினால்தான் ஒட்டு தெரிகிறது. விலாச எழுத்தின்மேல் பஞ்சைக்கூட வைக்கவில்லை.

பூட்டைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பி, அதற்கு ஒரு சாவியை அரத்தால் அராவி வாங்கினார். பூட்டை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. ஆனால் முன்பக்கத்து நாதாங்கிகள் இரண்டும் மூடியவுடன் தாமாகவே கவ்விக்கொள்ளும் வகை. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அவை இருக்கக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டபின், வெளித்தோற்றம் மாறாமல் உள்நாக்கை மட்டும் கழற்றி, ஒரு சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. உள்ளே ஒளிந்து விளையாடும் பிள்ளைக்கு அந்த நாதாங்கி எமன்.

இன்னொன்றையும் பாராட்டியே ஆகவேண்டும். சோபாவின் இருக்கை 17 அங்குலம், பெட்டி 14 அங்குலம். அடியில் கால்களைத் திருகிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் மெல்லிய அடிப்பலகை நாளடைவில் தொய்ந்து, திருகாணி பிடுங்கிக்கொண்டு வரும். இவர் மூன்றங்குல உயரத்தில் தேக்கில் தனிச் சட்டம் ஒன்று செய்து, பெட்டி அதனுள் தாம்பாளத்தில் படி உட்கார்ந்தது போல உட்காரும்படி அமைத்தார். பெட்டியில் ஒரு துளைகூடப் போடவில்லை. நாளைக்கு வேண்டாம் என்றால் தூக்கித் தனியே வைத்துவிடலாம்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையில்தான் ஈடுசெய்ய முடியாத தவறு ஒன்று நடந்தது. பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த காகித உறை கறைபட்டு, எலி கடித்து, புழுக்க வாடை அடித்தது உண்மை. அதை என்ன செய்வது என்று என்னிடம் கேட்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆசாரி ஊரில் இல்லாத ஒரு நாளில், பட்டறைப் பையன்கள் அதைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து முழுவதும் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மூடியின் உட்பக்கம், இடது மூலையில், பெட்டி செய்தவரின் சிறு அச்சுச்சீட்டு இருந்தது. அதுவும் சேர்ந்து போய்விட்டது. இத்தகைய பெட்டியின் காலத்தையும் ஊரையும் உறுதியாகச் சொல்லும் சான்று பெரும்பாலும் அந்தச் சீட்டு ஒன்றுதான். ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் நான் செல்பேசியில் எடுத்த படம் ஒன்று எஞ்சியிருக்கிறது, அதிலும் கடைசி வரி மங்கல். பெரிய ஆசாரி மன்னிப்புக் கேட்டார், உள்வேலைக்கான கூலியையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் எழுத்தில் கொடுக்காத எந்த அறிவுறுத்தலும் பட்டறையில் மறுநாள் வரை நிலைக்காது என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒப்படைக்கும் பொருளின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, 'இதைத் தொடவேண்டாம்' என்னும் இடங்களில் சீட்டு ஒட்டிக் கொடுப்பது நலம்.

உறை போன இடத்தில் சிவப்பு வெல்வெட் ஒட்டலாம் என்றார்கள். நகைக்கடைப் பெட்டி போலாகிவிடும் என்று மறுத்து, கண்டாங்கிச் சேலைத் துணியை அரக்குக் கட்டத்தில் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பசைவைத்து ஒட்டாமல், மெல்லிய அட்டைகளில் சுற்றி உள்ளே செருகியிருப்பதால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துத் துவைக்கலாம். வாடை போவதற்குப் பத்து நாட்கள் வளவில் (வீட்டின் நடுமுற்றம்) நிழல்வெயிலில் திறந்துவைத்து, கரித்துண்டுகளும் வெட்டிவேரும் போட்டிருந்தார்கள். இப்போது வெட்டிவேர் மணம்தான் வருகிறது. மழைநாளில் மட்டும் பழைய வாடை இலேசாகத் தலைகாட்டும்.

வட்ட ஜன்னலைக் கண்ணாடியாக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டவேண்டும் என்று சொல்லியிருந்தேன். இந்த வேலையில் பட்டறை தேறவில்லை. மரத்தைப் பார்த்தால் பொறுமை காக்கும் கைகள், பித்தளையைப் பார்த்தவுடன் பஃபிங் இயந்திரத்துக்குத் தாவிவிடுகின்றன. பல்லாண்டுக் கடற்காற்றில் பழுப்பேறி, விளிம்பில் களிம்பு பூத்து நின்ற உலோகத்தை, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு போலத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து காட்டினார்கள். வார்ப்பில் இருந்த எண் ஒன்று பாதி மழுங்கிவிட்டது. அதைவிட, தேய்த்தபின் இரண்டு இடங்களில் இளஞ்சிவப்பாகத் திட்டு தெரிந்தது. அதையும் போகும் என்று மேலும் தேய்த்திருக்கிறார்கள். அது அழுக்கன்று. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்புநீரில் நெடுங்காலம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பஞ்சு போன்ற செம்பு மட்டும் எஞ்சும். தேய்க்கத் தேய்க்க அந்த இடம் குழியாகுமே ஒழிய மஞ்சளாகாது. இதைக் கப்பல் பொருள் கையாளுகிறவர்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

அதன்மேல் தெளிந்த லாக்கர் (நிறமற்ற மெருகுப் பூச்சு) அடித்துக் கொடுத்தார்கள். காரைக்குடியில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். திருவான்மியூரில் எங்கள் பால்கனிக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெருக்கள்தாம்; நான்கே மாதத்தில் லாக்கருக்கு அடியில் கரும்புள்ளிகள் கிளம்பி, தேய்க்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஆயிற்று. கடைசியில் தின்னரால் லாக்கர் முழுவதையும் நானே துடைத்தெடுத்து, தேன்மெழுகு மட்டும் தேய்த்துவிட்டேன். இப்போது மெல்ல மங்கிக்கொண்டு வருகிறது, எனக்கு வேண்டியதும் அந்த மங்கல்தான். மாட்டும் வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. 17 கிலோவை அடுக்குமாடியின் உள்ளீடற்ற கல் சுவர் தாங்காது என்று, முதலில் சுவரில் ஒரு தேக்குப் பலகையை ஆறு போல்ட்டுகளால் பொருத்தி, அதன்மேல் ஜன்னலை மாட்டச் சொல்லிப் பலகையையும் அவர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். திருகாணிகளைத் தளர்த்திக் கதவைத் திறந்தால் உள்ளே கண்ணாடி; பக்கத்து வீட்டுச் சிறுவன் வரும்போதெல்லாம் அதைத் திறந்து மூடாமல் போவதில்லை.

தேக்குக் கிராதிதான் இந்த நான்கில் உச்சம். நான்கடிக்கு இரண்டடி, குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்தது, ஆணி கிடையாது. ஏழு சட்டங்கள் முனை உடைந்து போயிருந்தன. ஆசாரி அதை முதலில் நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்து, நான்கு முறை தண்ணீர் மாற்றி உப்பை இறக்கி, மூன்று வாரம் நிழலில் உலர்த்தினார். உப்பு மரத்தில் தங்கினால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எந்தப் பூச்சும் நிற்காது. உடைந்த சட்டங்களுக்குப் பதிலாக இடிந்த வீடு ஒன்றின் கைமரத்திலிருந்து அறுத்த தேக்கைப் போட்டார். அதுவும் அதே அளவு பழையது, அதே அளவு காய்ந்தது. சாயம் ஏற்றவேண்டிய தேவையே வரவில்லை. எந்த ஏழு புதியவை என்று கண்டுபிடிக்கச் சொல்லி வரும் விருந்தினரிடமெல்லாம் பந்தயம் கட்டுகிறேன். இதுவரை ஒருவர் மட்டும், அவரும் தச்சர், ஐந்தைச் சரியாகச் சொன்னார்.

ஆனால் இதே கிராதியில்தான் எனக்கு மிகுந்த கவலை தந்த காட்சியையும் கண்டேன். அதன் ஒரு பக்கத்தில் பழைய வண்ணம் தடித்துக் கிடந்தது. முன்னறிவிப்பின்றி ஒருநாள் நான் போனபோது, இரண்டு பையன்கள் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் உப்புத்தாள் இயந்திரத்தால் அதைக் காய்ந்தபடியே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை முழுவதும் சாம்பல் தூசி. பழைய கப்பல் வண்ணங்களில் ஈயம் இருக்கும் என்றே கொள்ளவேண்டும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் எந்த நாட்டுத் துறைமுகத்திலோ பூசியதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நிறுத்தச் சொன்னேன். "எத்தனை வருசமா தேய்க்கிறோம் ஆச்சி, ஒண்ணும் ஆகலை" என்றார் மூத்த பையன். பெரிய ஆசாரி வந்தபின் வண்ணம் கரைக்கும் பசையைத் தடவி, ஊறவைத்து, ஈரத்தோடே சுரண்டினார்கள். முகக்கவசப் பெட்டி ஒன்றை நான் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுமுறை போனபோது அந்தப் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரிமேல் இருந்தது. வாடிக்கையாளர்கள் வண்ணம் உள்ள பொருளைக் கொடுக்கும்போது, எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவேண்டும். கப்பலிலிருந்து வரும் தீத்தடுப்புப் பலகை, குழாய் சுற்றிய நார் போன்றவற்றை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் எடுத்துவரக்கூடாது. பழைய கப்பல்களில் அவை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும்.

அப்பத்தாவின் தகரப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துருவை உதறி, உட்புறம் ரெட் ஆக்சைடு அடித்து, வெளியே இருந்த ரோஜாப் பூக்களை அப்படியே விட்டு மெழுகு பூசிக் கொடுத்தார்கள். 1,800 ரூபாய். வாசலருகே செருப்புப் பெட்டியாக இருக்கிறது. அப்பத்தா இருந்தால் திட்டுவார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கேபின் பெட்டிக்குச் சட்டம், கைப்பிடி, சாவி உட்பட 19,500 ரூபாய், கிராதியை மேசையாக்கக் கால்களோடு 24,000, கடினமாக்கப்பட்ட 10 மில்லிமீட்டர் கண்ணாடி தனி, ஜன்னலுக்கு 6,500. அந்த விலையில் சென்னையில் புதிய மேசைகள் இரண்டு வாங்கலாம் என்பது என் கணவரின் வாதம், மறுப்பதற்கில்லை. ஆறு வாரம் என்று சொன்ன வேலை பதினைந்து வாரம் ஆயிற்று. குன்றக்குடிப் பங்குனி உத்திரம், ஒரு முகூர்த்த வீட்டுக் கதவு, மின்வெட்டு, பிறகு சின்ன ஆசாரியின் மகளுக்குக் காதுகுத்து என்று காரணங்கள் வரிசையாக வந்தன. தொலைபேசியில் ஒருமுறையும் அவர்களாகக் கூப்பிடவில்லை. நாம் கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். பார்சல் லாரிக்குக் கட்டிய விதம் நேர்த்தியாக இருந்தது: வைக்கோல், சாக்கு, அதன்மேல் மரக்கூடு. ஒரு கீறல் விழவில்லை.

எட்டு மாதப் புழக்கத்தில் தெரிந்தவை இரண்டு. பெட்டியின்மேல் போட்ட கண்ணாடியைச் சிறு ரப்பர் குமிழ்களின்மேல் தாங்கவிட்டதால் அடியில் ஈரம் தங்கவில்லை, விலாச எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பெட்டியைத் திறக்கவேண்டுமானால் காப்பி டம்ளர், செய்தித்தாள், கண்ணாடி என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தாகவேண்டும். ஆகையால் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் ஜமுக்காளங்களும் போர்வைகளும் உள்ளே இருக்கின்றன. மூடியைத் தாங்கும் சங்கிலி பழையது ஒன்று, பித்தளை, கடைசி வளையம் அறுந்திருந்தது. அதற்கு இணையான சங்கிலி கிடைக்கவில்லை என்று நாடாவைக் கட்டி அனுப்பினார்கள். கிடைத்ததும் அனுப்புவதாகப் பெரிய ஆசாரி சொன்னார். போன மாதம் கூப்பிட்டபோது, பரங்கிப்பேட்டையில் ஒருவரிடம் பழைய படகுச் சாமான் இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், ஆடி கழிந்ததும் போய்ப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அடுத்த தைக்குள் என் மாமியாரின் மரத்தொட்டிலை அவரிடம் கொடுப்பதாக இருக்கிறேன். பித்தளைக் குமிழ்களைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு.